உப்புச் சாடியும் தில்லி மூடுபனியும்



மழைக்காலத்தில் உப்புச் சாடியைத் திறந்தால் உப்பு கசிந்திருக்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உப்பே இழுத்துக்கொண்டது. குளிர்காலத்தில் தில்லி நகரத்துக் காற்றிலும் இதுதான் நடக்கிறது.

அங்கே காற்றில் நுண்ணிய துகள்கள் மிதக்கின்றன. தலைமுடியின் தடிமனை முப்பது பங்காக்கினால், அதில் ஒரு பங்குகூட இருக்காது. வண்டிப் புகை, அடுப்புப் புகை, நெல் அறுத்த தாளை எரிக்கும் புகை ஆகியவற்றிலிருந்து இவை வருகின்றன.

பகலில் வெயில் அடிக்கும். காற்று காய்ந்திருக்கும். துகளும் சிறியதாகவே இருக்கும். இரவில் குளிர் ஏறும். காற்றில் ஈரப்பதம் கூடும். துகள் ஈரத்தைக் குடித்துப் பருக்கும். இப்போது அது வெறும் தூசி அல்ல, ஒரு சின்னஞ்சிறு நீர்த்துளி.

தண்ணீரில் சர்க்கரை கரைவதுபோல, இந்தத் துளியில் வாயுக்கள் கரைகின்றன. வயர் மேலுறை, பி.வி.சி. குழாய் போன்ற பிளாஸ்டிக்கை எரித்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வாயுவாகக் கிளம்பும். சாணம், மூத்திரம், யூரியா உரம் இவற்றிலிருந்து அமோனியா வாயு வரும். மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். இரண்டும் துளிக்குள் சேர்ந்தால் நவச்சாரம் ஆகும். ஆம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தேய்க்கும் அதே நவச்சாரம்!

நவச்சாரமும் ஓர் உப்புதான். அது மேலும் ஈரத்தை இழுக்கும். ஈரம் கூடினால் மேலும் வாயு கரையும். துளி இன்னும் பருக்கும். எதிரே வரும் வண்டி தெரியாது. வெயில் ஏறினால் நீர் உலரும். உப்பில் ஒரு பகுதி மறுபடி வாயுவாகிவிடும். ஆனால் அடுத்த இரவும் குளிர் வரும்.

சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தில்லித் துகள்கள் குடிக்கும் நீரில் ஏறத்தாழப் பாதிக்கு அந்த அமில வாயுவே காரணம் என்றார்கள். குப்பையோடு பிளாஸ்டிக்கை எரிப்பதிலிருந்தும் சில தொழில்களிலிருந்தும் அது வருகிறது என்பது அவர்கள் கணிப்பு.

குப்பையை எரிப்பது யார்? பல இடங்களில் இரவுக் காவலாளிதான். குளிர் எலும்பைக் குடையும். சுள்ளி கிடைக்காது. கையில் கிடைத்ததைக் கொளுத்திக் குளிர் காய்கிறார். புகையை முதலில் சுவாசிப்பவரும் அவர்தான். திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. அபராதம் குளிரைப் போக்குமா? அதனால்தான் பின்னர் இன்னொரு விதி வந்தது. காற்று கெடும் நாட்களில், குடியிருப்போர் சங்கங்கள் தங்கள் காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் கொடுக்க வேண்டும்.