ஒரே சுவருக்கு மூன்று விலை

(மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீங்க. ஆனா நான் இன்னைக்குக் கணக்குப் பேச வந்திருக்கேன். பகலில் நான் வங்கிக் குமாஸ்தா. கவிதையில் நான் எழுதாமல் விட்ட அவமானங்கள் பல, கடன் ஃபைல்களில் இருக்கின்றன.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மா வந்தாங்க. சேரிக்காரங்க. சித்தாள் வேலை பார்த்துத் தளம் போட்ட வீடு கட்டியிருந்தாங்க. மகளை நர்சிங் படிக்க வைக்க அந்த வீட்டின் பேரில் கடன் கேட்டாங்க. மஞ்சப் பைக்குள் பதினைந்து வருஷத்து வீட்டு வரி ரசீதுகள். 'ஒரு பைசா பாக்கி இல்ல சார்'ன்னாங்க.

மதிப்பீட்டாளர் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார். செங்கல், சிமெண்ட், கம்பி எல்லாத்துக்கும் கணக்கு இருந்தது. கடைசியில் ஒரு வரி: 'அமைவிடம் காலனி. விற்பனை வாய்ப்பு குறைவு.' மதிப்பு பாதியாகிப் போச்சு. கடன் கிடைக்கவில்லை. அந்த அறிக்கையை ஃபைலில் கோர்த்தது இந்தக் கைதான். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஊர்க்காரன் சேரியில் வீடு வாங்க மாட்டான். நம்ம ஆளிடம் பணம் இல்லை. இதைத்தான் சந்தை நிலவரம் என்கிறார்கள். தீண்டாமையை ரூபாயில் எழுதினால் அதற்குப் பெயர் சந்தை மதிப்பு.

இது ஒரு விலை. அடுத்தது பஞ்சாயத்து போடும் விலை. கூரையா, ஓடா, தளமா, எத்தனை சதுர அடி என்று பார்த்து வரி போடுகிறார்கள். அங்கே காலனி என்று தள்ளுபடி கிடையாது. வரி வசூலில் மட்டும் ஊரும் சேரியும் சமம்! இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு வரி ரசீது உடைமைப் பத்திரம் ஆகாது. பட்டா வேண்டும், பத்திரம் வேண்டும். நம்ம அம்மாக்கள் ரசீதையே பட்டா மாதிரி பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள்.

மூன்றாவது, பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு. தெருவாரியாக, சர்வே எண்வாரியாக இருக்கும். இது குறைவாக இருந்தால் பத்திரச் செலவு குறையும், நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நிலத்தை அரசு எடுக்கும்போது என்ன நடக்கிறது? 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, வழிகாட்டி மதிப்பையும் பக்கத்தில் நடந்த விற்பனைகளின் சராசரியையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதை வைத்து இழப்பீடு கணக்கிட வேண்டும். சேரித் தெருவுக்கு மதிப்பும் குறைவு, அங்கே விற்பனையும் இல்லை என்றால் இரண்டு பக்கமும் நமக்கு அடிதான்.

பஞ்சமி நிலத்துக்கும் இதே கதை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார். 1892இல் ஆணை வந்தது. பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. 'இந்த நிபந்தனையாலதான் உங்க நிலத்துக்கு விலை இல்லை, அதை எடுத்துடலாம்' என்று இன்று நமக்கே ஆலோசனை சொல்கிறார்கள். ஏமாறாதீர்கள். நிபந்தனை இருந்தும் எவ்வளவோ நிலம் பறிபோனது. அதைக் கேட்டதற்குத்தான் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். வேலி இருப்பதால் விலை குறைகிறது என்று வேலியைப் பிடுங்கச் சொல்பவன், விலை ஏற்றித் தர வரவில்லை. நிலத்துக்குத்தான் வருகிறான்.

என்ன செய்யலாம்? மாணவர்கள் ஊருக்குப் போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, உங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பையும் பக்கத்துத் தெருவின் மதிப்பையும் எழுதி எடுங்கள். அதைத் திருத்தும்போது வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும் என்பது விதி. அப்போது எழுதிக் கொடுங்கள். இரண்டு, சேரியிலிருந்து எவ்வளவு வரி வந்தது, சேரியில் எத்தனை தெருவிளக்கு எரிகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். பதிலைக் கிராம சபையில் சத்தமாகப் படியுங்கள். மூன்று, வீட்டில் இருப்பது ரசீதா, பட்டாவா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள்.

அந்த அம்மா எழுந்து போகும்போது கேட்டாங்க: 'அப்ப இத்தன வருஷம் வரி வாங்கும்போது இது வீடுதானே சார்?'

நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். நீங்க அப்படி உட்காரக் கூடாது. அதற்காகத்தான் இதைச் சொன்னேன்.