ஒரு கார்டு, நாலு வழி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் சங்கம் இந்த வருஷம் கல்லூரிக்கு ஒரு லினக்ஸ் கேட்வே அமைத்துத் தரப் போகிறது. அதற்குப் பழைய கம்ப்யூட்டரே போதும். ஆனால் இணையம், ஆய்வகம், நூலகம், அலுவலகம் என்று நாலு வழி வேண்டும். எந்த நெட்வொர்க் கார்டு வாங்கலாம் என்று தம்பிகள் கேட்டார்கள். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இதே வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இது லினக்ஸுக்குப் புதுசு இல்லை. 1994-இல் நாசாவின் கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரணக் கம்ப்யூட்டர்களைச் சேர்த்து பேவுல்ஃப் தொகுதியைக் கட்டினார்கள். ஒரு ஈதர்நெட்டின் வேகம் போதவில்லை என்று இரண்டை இணைத்தார்கள். டிரைவரை பெக்கரே எழுதினார்.

முதலில் சிப்பைப் பாருங்க. பெட்டி மேலே போட்ட பெயரைப் பார்க்காதீங்க. இன்டெல் ஐ350, பிராட்காம் 5719 இரண்டிலும் ஒரே சிப்பில் நாலு போர்ட் உண்டு. இவற்றின் டிரைவர்களான ஐஜிபி, டிஜி3 கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. தனியாகத் தேடி ஏற்ற வேண்டாம்.

இரண்டாவது, ஸ்லாட். பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறையில் ஒரு லேன் 4 ஜிகாபிட்டுக்கும் குறைவாகத்தான் தரும். நாலு போர்ட்டும் முழுசா ஓடினால் அது போதாது. நீளமான ஸ்லாட்டிலும் உள்ளே ஒரு லேன் மட்டும் இருக்கலாம். எல்எஸ்பிசிஐ கட்டளையில் பார்த்துக்குங்க.

மூன்றாவது, போலி. ஐ350 பெயரில் போலிக் கார்டுகள் நிறைய சுற்றுகின்றன. பாதி விலைக்குப் புதுசு என்றால் சந்தேகப்படுங்க. அதைவிட, நல்ல சர்வரில் இருந்து கழற்றிய பழைய கார்டே மேல்.

நான்காவது, சூடு. இவையெல்லாம் சர்வர் விசிறிக் காற்றை நம்பிச் செய்த கார்டுகள். திண்டிவனம் பக்கம் ஓர் அலுவலகத்தில், கத்திரி வெயிலில் இணைப்பு விட்டு விட்டு வந்தது. அன்று ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். வாசலில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். திறந்து பார்த்தால் ஹீட்சிங்க் முழுக்கத் தூசி. துடைத்து, ஒரு சின்ன விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். நின்றது தொல்லை. ஆனால் அதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. காலையில் கூலி வேலையை விட்டுவிட்டு வந்த அப்பாவுக்கு அந்த அரை நாள் சின்ன விஷயம் இல்லை.

அதனால் வாங்கியதும் ஒரு ராத்திரி முழுக்க நாலு போர்ட்டிலும் தரவை ஓட விடுங்க. காலையில் ஈத்டூல் காட்டும் பிழைக் கணக்கைப் பாருங்க. அது ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்றிப் பாருங்க. அப்பவும் ஏறினால் கார்டைத் திருப்பிக் கொடுங்க. ஒரே கார்டு போனால் நாலு வழியும் போகும். எனவே மதர்போர்டு போர்ட்டை ஒதுக்கி வையுங்க, மாற்றுக் கார்டு ஒன்றும் அலமாரியில் இருக்கட்டும்.

சந்தேகம் வந்தால், விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு நம்ம ஊரிலேயே இருக்கு, போய்க் கேளுங்க. கார்டுக்கான பணத்தைச் சங்கம் தரும். ராத்திரி உட்கார்ந்து சோதிக்கிற பொறுப்பு தம்பி தங்கைகளே, உங்களுடையது.