பேரேட்டில் இல்லாத உழவன்



போன கிளைக் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, "நாலு பேர் சேர்ந்து என்னண்ணே செஞ்சுட முடியும்?" என்று கேட்டார். நாலு பேர் கூட வேண்டாம், மூன்றே பேர் ஆரம்பித்த ஒரு சங்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். இது கிரேக்க நாட்டில் நடந்தது. கேட்டால் பெருமையாகவும் இருக்கும், கடைசியில் வயிறும் எரியும்.

கிரேக்கம் அப்போது துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் தலை போகும். ரிகாஸ் என்பவர் வியன்னாவில் புரட்சி அறிக்கை அச்சடித்தார். காகிதப் பெட்டி பிடிபட்டது, ஆளும் பிடிபட்டார். 1798-ல் பெல்கிரேடில் கொன்றுவிட்டார்கள்.

அப்புறம் 1814. ரஷ்யாவின் ஒடெசா துறைமுகம். நம்மைப் போன்றவன் விளைவித்த கோதுமை கப்பலேறுகிற ஊர் அது. அங்கே தானிய வியாபாரத்தில் கிரேக்கர்கள் நிறையப் பேர். அந்த ஊரில் ஸ்கூஃபாஸ், க்ஸாந்தோஸ், த்சகாலோஃப் என்ற மூவர் கூடி 'நண்பர்கள் சங்கம்' என்று ஒன்றை ரகசியமாகத் தொடங்கினார்கள். பெரிய முதலாளிகள் யாரும் இல்லை. முதல் இரண்டு மூன்று வருஷம் சங்கம் வளரவே இல்லை என்று சொல்லலாம். ஆனாலும் விடவில்லை. 1818-ல் தலைமையிடத்தை எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? சுல்தானின் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளுக்கே! அதே வருஷம் ஸ்கூஃபாஸ் அங்கே இறந்துபோனார். வேலை நிற்கவில்லை.

உறுப்பினருக்குப் படிகள் வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கீழ்ப்படி. மேலே 'பூசாரி' என்று ஒரு படி, அதற்கு மேலே 'மேய்ப்பர்'. பூசாரிப் படிக்கு வந்தவர்தான் புது ஆளைச் சேர்க்கலாம். வேதப்புத்தகத்தின் மேல் சத்தியம், கையில் மெழுகுவர்த்தி, முடிந்த அளவு நன்கொடை. கடிதமெல்லாம் சங்கேத எழுத்தில். ஆளுக்கு ஒரு மாற்றுப் பெயர்.

தலைமை யார் என்று மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. ரஷ்ய மன்னர்தான் பின்னால் இருக்கிறார் என்று ஜனங்கள் தாங்களாகவே நம்பினார்கள், இவர்களும் மறுக்கவில்லை. எனக்கு இது பிடிக்காத சங்கதி. வரவு செலவையும் தலைமையையும் மறைக்கிற சங்கத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் நமக்குக் கழுத்தில் கத்தி இல்லை, அவர்களுக்கு இருந்தது. ரகசியம் காக்கவேண்டி கலாட்டிஸ் என்ற சொந்த உறுப்பினரையே 1819-ல் கொன்றார்கள். இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

தலைமை ஏற்கச் சொல்லி, ரஷ்ய அரசில் வெளியுறவு அமைச்சராக இருந்த கபோதிஸ்த்ரியாஸ் என்ற கிரேக்கரைக் கேட்டார்கள். முடியாது என்றுவிட்டார். 1820-ல் ரஷ்யப் படை அதிகாரி இப்சிலாந்திஸ் ஒத்துக்கொண்டார். 1821 மார்ச்சில் படையோடு வடக்கே ப்ரூத் ஆற்றைத் தாண்டினார். ஜூனில் தோற்றுப்போனார். ஆனால் அதே மார்ச்சில் தெற்கே பெலொபொனீஸில் கிராமம் கிராமமாக எழுந்தார்கள். அந்தத் தீயை அணைக்க முடியவில்லை. 1830-ல் கிரேக்கம் தனிநாடு.

இப்போது வயிறு எரிகிற இடத்துக்கு வருகிறேன். அந்தச் சங்கத்தில் சேர்ந்தவர்களில் சுமார் ஆயிரம் பேரின் பெயர் கிடைத்திருக்கிறது. பாதிக்கு மேல் வியாபாரிகள். மீதியில் படித்தவர்கள், ஊர்ப் பெரியதனக்காரர்கள், பாதிரிமார், ஆயுதம் தூக்கிய தலைவர்கள். உழவன் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்! சண்டையில் செத்தது யார்? பெரும்பாலும் உழவனும் ஆடு மேய்ப்பவனும்தான்.

துருக்கியர் விட்டுப்போன நிலம் உழுதவனுக்கு வந்ததா? வரவில்லை. 'தேசிய நிலம்' என்று பெயர் வைத்து, 1824-லும் 1825-லும் லண்டனில் வாங்கிய கடனுக்கு ஈடு காட்டினார்கள். போர் முடிந்த பிறகும் உழவன் அதே நிலத்தில் குத்தகைக்காரன்தான். முன்பு சுல்தானுக்கு அளந்தான், இப்போது சொந்த அரசாங்கத்துக்கு அளந்தான். அந்த நிலத்தைச் சிறு பங்குகளாகப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் வந்தது 1871-ல். 1821-ல் இருபது வயதில் துப்பாக்கி எடுத்தவனுக்கு அப்போது எழுபது வயது. அதுவும் சும்மா இல்லை, வருஷத் தவணை கட்டச் சொன்னார்கள்.