சோளகத் தும்மலும் காப்புறுதிப் போமும்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. இறுப்பிட்டிப் பக்கம் விடியப்புறம் போனால் வீட்டுக்கு வீடு தும்மல் சத்தம். வெள்ளைக்காரன் இதற்கு வைத்த பெயர் வைக்கோல் காய்ச்சல். வைக்கோலும் காரணமில்லை, காய்ச்சலும் வராது! மகரந்தமும் புழுதியும் மூக்கோடு பிடிக்கிற சண்டைதான்.

காப்புறுதி முகவராக வாணர் தாம்போதியால் சைக்கிள் மிதித்த காலத்தில், இறுப்பிட்டியில் ஒரு ஐயாவுக்குப் போம் நிரப்பப் போனேன்.

"ஏதும் வருத்தம் இருக்கோ ஐயா?"

"ஒண்டுமில்லைத் தம்பி" என்று சொல்லி வாய் மூட முன்னம் ஏழு தும்மல். குசினிக்குள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தா: "பொய் சொல்லாதேங்கோ, வருசா வருசம் முட்டெல்லோ!"

என் பேனை நின்றுவிட்டது. முட்டு என்று எழுதினால் கொழும்பில் இருக்கிற கம்பனிக்காரர் ஆஸ்துமா என்றுதான் வாசிப்பார். அறிக்கை கேட்பார், கட்டணத்தைக் கூட்டுவார், சிலவேளை மூச்சு வருத்தங்களுக்குக் காசில்லை என்றும் விலக்கிவிடுவார். அம்மாவை விசாரித்தால், மூக்கு முட்டி இரவில் வாயால் மூச்சு விடுகிறாராம்! கிளினிக் கொப்பியைப் புரட்டினோம். மூக்கு ஒவ்வாமை, செற்றிரிசின் குளிசை, அவ்வளவுதான். இழுப்பும் இல்லை, பம்பும் இல்லை. அதையே திகதியோடு எழுதினேன். கட்டணம் ஒரு சதமும் கூடவில்லை.

மறைத்திருந்தால் என்ன என்று கேட்பீர்கள். மறைக்கக்கூடாது என்பது கப்பல் காப்புறுதியோடு வளர்ந்த சட்டம். ஊர்காவற்றுறைக் கப்பல்காரரைக் கேட்டால் தெரியும், அணியத்தில் ஓட்டை இருப்பது உடையவனுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. தெரிந்ததைச் சொல்லாமல் விட்டால் ஒப்பந்தம் நிற்காது என்று 1766இலேயே இங்கிலாந்தில் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்ப்பில் எழுதிவைத்தார். சொல்லாமல் விட்ட தும்மலைத் தூக்கிக்கொண்டு, நாளைக்கு நியூமோனியாச் செலவுக்கும் கம்பனி தகராறு பண்ணலாம்.

நேரம் முடியுதென்று கலையகக் கண்ணாடிக்கு அங்கால் கை காட்டுகிறார்கள். அவதியாகச் சொல்லிவிடுகிறேன். வார்டில் நிற்கிற செலவுக்குத்தான் அநேகமான மருத்துவக் காப்புறுதி. தும்மல் குளிசைக்குக் காசு வருமென்று நம்பிக் கட்டாதீர்கள், அது அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். கம்பனியோடு பிணக்கென்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். போமின் பிரதியொன்றை வாங்கி வையுங்கோ. ஐப்பசி மழைக்குப் புழுதி அடங்கும், அதுவரைக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்வாருங்கோ.