பொம்மை பேசட்டும்

(மயிலாப்பூர்ச் சொற்பொழிவின் சுருக்கம்)



நவராத்திரி வந்தால் இந்த மயிலாப்பூர் வடக்கு மாட வீதி பொம்மைக் கடையாகிவிடுகிறது. வாங்கிப் போய்ப் படியில் உட்கார வைத்துச் சுண்டல் படைக்கிறார்கள். அந்தப் பொம்மை பேசுவதுமில்லை. எவரையும் கேள்வி கேட்பதுமில்லை.

பேசும் பொம்மையும் நம் நாட்டில் உண்டு. கன்னியாகுமரிப் பக்கம் மண்டிகர் வகுப்பார் நடத்தும் தோல்பாவைக் கூத்தில் கதை என்னமோ இராமாயணந்தான். ஆனால் நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஊர் நடப்பைக் கிண்டல் செய்வார்கள். மனிதன் சொன்னால் அடி விழும் சங்கதியைத் தோல் சொன்னால் ஊரே சிரித்துக்கொண்டு கேட்கிறது.

இந்த வேலையைத்தான் பள்ளிக்கூடத்திலும் மனநோய் வைத்தியத்திலும் பொம்மை செய்யவேண்டும் என்கிறோம். பெரியவர்களிடம் வாய் திறக்க அஞ்சும் குழந்தை, தனக்கு நேர்ந்த கொடுமையைக் கைப்பொம்மையிடம் சொல்லிவிடுவதுண்டு. ஏன்? பொம்மை அதட்டுவதில்லை, "பெரியவர் சொன்னால் எதிர்த்துப் பேசாதே" என்பதில்லை. அப்படியானால் வெட்கப்பட வேண்டியவர்கள் யார்? நாமல்லவா?

உள்ளத்தில் நாணமற்றவர் நடமாட்டம் கயிற்றில் ஆடும் மரப்பாவை போன்றது என்பது 1020-ஆம் குறளின் கருத்து. பிறர் இழுத்த கயிற்றுக்கெல்லாம் ஆடுகிறவனும் மரப்பாவையே என்போம் நாம். கேள்வி கேட்கப் பழகிய குழந்தை அக்கயிற்றை அறுத்துவிடும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டாம். பழைய காலுறை ஒன்றும் பொத்தான் இரண்டும் போதும். ஆகவே தோழர்களே, பொம்மையைப் படியிலிருந்து இறக்கிக் குழந்தையின் கையில் கொடுங்கள். அது சொல்லுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.