சாம்பியன் பெல்ட் யார் கைக்குப் போனது?



குத்துச்சண்டை மேடையின் ஓரத்தில் மருத்துவராக உட்கார்ந்தே என் காலம் போனது. புருவம் கிழிந்த பையனின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, போதும் என்று சண்டையை நிறுத்துவது என் வேலை. மேடையை விட்டு இறங்கிய வீரன் பிறகு என்ன செய்கிறான் என்பதை அங்கிருந்துதான் கவனிக்கப் பழகினேன். அந்த வகையில் நான் யாரையும்விட அதிகமாக மதிப்பவர் ஆஸ்திரேலியப் பழங்குடி வீரர் லயனல் ரோஸ்.

1948-ல் விக்டோரியா மாநிலத்தில், ஜாக்சன்ஸ் டிராக் என்ற பழங்குடிக் குடியிருப்பில் பிறந்தவர். அப்பா ராய், ஊர் ஊராகக் கூடாரம் போட்டுச் சண்டை காட்டும் குழுக்களில் காசுக்குக் குத்து வாங்கியவர். மரங்களுக்கு நடுவே வேலிக்கம்பியை இழுத்துக் கட்டினால் மேடை. கையில் கந்தல் துணியைச் சுற்றினால் கிளவுஸ். ரோஸ் தொழில் பழகியது அப்படித்தான். நான் மருத்துவம் படித்த காலத்தில் மாலை வேளைகளில் வடசென்னைப் பயிற்சிக் கூடங்களில் போய் நிற்பேன். ஒரே ஜோடி கிளவுஸைப் பையன்கள் மாற்றி மாற்றிப் போடுவார்கள். கடைசிப் பையனிடம் வரும்போது அது வியர்வையில் ஊறிக் கனத்துப்போயிருக்கும். அவனும் முகம் சுளிக்காமல் மாட்டிக்கொள்வான்.

ரோஸ் வளர்ந்த காலத்தில், நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பழங்குடியினரைச் சேர்க்கக் கூடாது என்று ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்திலேயே எழுதியிருந்தது. 1967 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆதரித்து வாக்களித்த பிறகுதான் அந்த வரி நீங்கியது. ஒன்பதே மாதம் கழித்து, 1968 பிப்ரவரியில், டோக்கியோவில் ஃபைட்டிங் ஹராடாவை அவருடைய சொந்த மண்ணிலேயே 15 சுற்றுகள் எதிர்த்து நின்று, புள்ளிகளில் வென்று, உலக பாண்டம்வெயிட் பட்டத்தைப் பிடித்தார் ரோஸ். வயது 19. உலகப் பட்டம் வென்ற முதல் ஆஸ்திரேலியப் பழங்குடி வீரர் அவர்தான். மெல்போர்ன் நகர மண்டபத்தின் முன்னால் அவரைப் பார்க்க லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். அதே ஆண்டு 'ஆஸ்திரேலியாவின் சிறந்த மனிதர்' விருதும் கிடைத்தது. முந்தின ஆண்டுவரை கணக்கிலேயே வராத பிள்ளைக்கு!

பட்டம் அடுத்த ஆண்டே ரூபன் ஒலிவாரெஸ் என்ற வீரரிடம் போய்விட்டது. பிறகு குடி, வழக்கு என்று சறுக்கல்களும் உண்டு. அதை மறைத்து அவரைப் புகழ எனக்கு விருப்பமில்லை. ஆனால் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் சண்டையிட அழைப்பு வந்தபோது, வர முடியாது என்று சொன்னவரும் இவர்தான். சக மனிதனை ஒதுக்கும் மண்ணில் சம்பாதிக்கும் காசு அவருக்கு வேண்டாதிருந்தது.

1996-ல் கெய்ன்ஸ் நகரில் நடந்த ஒரு கொடுமை ஆஸ்திரேலியாவையே உலுக்கியது. பள்ளி வளாகத்தில் இருந்த ஆறு வயதுப் பழங்குடிச் சிறுவன் மீது ஒருவன் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தான். தீக்காய வார்டை நான் அறிவேன். தினமும் கட்டுப் பிரிக்கும் நேரம் நெருங்கினாலே குழந்தைகள் அலறத் தொடங்கிவிடும். மருந்து செய்வது பாதி, பொறுத்துக்கொள்ளும் தெம்பு செய்வது மீதி. அந்தத் தெம்பு சிறுவனுக்கு வரட்டும் என்று லயனல் ரோஸ் தன் உலக சாம்பியன் பெல்ட்டை அவனுக்கே கொடுத்துவிட்டார். டோக்கியோவில் 15 சுற்று அடி வாங்கிச் சம்பாதித்ததை, ஒரு சிறு பிள்ளைக்கு! நான் படித்த வைத்தியத்தில் இப்படி ஒரு மருந்து இல்லை.

இன்று உடற்கல்வியில் பட்டம் பெறும் உங்களில் பலர் நாளை பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களாகப் போகப்போகிறீர்கள். அங்கே பந்தும் கிளவுஸும் பூட்டிய பீரோவில் தூங்கும். உங்கள் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்பார். கொடுக்காதீர்கள். சேர்ந்த முதல் வாரமே பீரோ சாவியைக் கேட்டு வாங்குங்கள். கடைசி வரிசையில் செருப்பில்லாமல் நிற்கிற பையனை, ஒதுங்கி நிற்கிற பெண்ணை முதலில் மைதானத்துக்குக் கூப்பிடுங்கள்.