உத்தியோகமும் தொழிலும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பல்கலைக்கழகத்தில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் நாம், உழைத்து முதிர்ந்த பெரியோர் முன்னிலையில் தொழிலைப் பற்றிப் பேசுவது சற்றுத் துணிச்சலே. ஆயினும் தெரிவு செய்ய வேண்டிய வயதில் நிற்பவர்கள் நாமாதலால் பேசத் துணிந்தோம்.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. கேட்டுச் சிரிக்கிறோம், சிரித்துவிட்டு, அடுத்த வர்த்தமானியில் எந்தப் பதவிக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறார்கள் என்று தேடுகிறோம்.

இப்பழமொழியைச் சொன்னவர்கள் அறிவிலிகள் அல்லர். ஆறில்லாத வரண்ட நிலம்; பங்கு பிரிக்கப் பிரிக்கச் சிறுத்த காணி. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிற் செமினரியைத் தொடங்கினர். ஆங்கிலக் கல்வி பரவியது. ஆங்கில அரசாங்கத்துக்குக் கணக்கெழுத ஆட்கள் வேண்டியிருந்தனர். நம் முன்னோர் கொழும்புக் கந்தோர்களுக்கும் மலாயாப் புகையிரதப் பகுதிக்கும் சென்றனர். மாதச் சம்பளத்தில் வீடு கட்டினர், சகோதரிகளைக் கரையேற்றினர், பென்சனோடு ஊர் திரும்பினர். அக்காலத்துக்கு அது புத்தியான தெரிவு.

ஆனால் அந்த வாசலின் திறப்பு நம் கையில் இருக்கவில்லை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்திய ஆண்டிலும் ஏறக்குறைய 70 வீதம் கூடியிருந்தது. அசையாதென்று நம்பிய சம்பளமும் பென்சனும் கடைவாசலிற் சுருங்கிப்போயின.

ஆகவே உத்தியோகத்தையும் தொழிலையும் பிரித்தறிய வேண்டும். உத்தியோகம் பிறர் தருவது. அவர்களே எடுத்துவிடவும் கூடும். தொழில் நம்மோடு கூட வருவது.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டையிற் படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். ஆசிரியரானார், அரசாங்கக் கணக்குப் பகுதியில் உயர்ந்தார், சட்டம் பயின்று நீதிபதியுமானார். இன்று அவரை நாம் நினைப்பது அப்பதவிகளுக்காகவா? ஏடுகளைத் தேடி, ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தாரே, அதற்காகவன்றோ! சம்பளம் குடும்பத்தைத் தாங்கியது. பதிப்புப் பணி மனத்தை நிறைத்தது. எல்லா நிறைவையும் ஒரே சம்பளச் சீட்டில் தேட வேண்டியதில்லை.

நண்பர்களே, பெயரைப் பார்த்துத் தொழிலைத் தெரியாதீர்கள். அன்றாட வேலையைப் பாருங்கள். எந்திரி என்ற பெயர் எல்லாருக்கும் இனிக்கும். வெயிலில் நின்று கொங்கிறீற் வேலை பார்ப்பது இனிக்குமா? அத்தொழில் செய்பவரோடு ஒரு வாரம் கூடநின்று பாருங்கள். சம்பளத்தைக் கணக்கிடும்போது வாடகையும் சாப்பாடும் பிரயாணமும் போகக் கையில் நிற்பதைக் கணக்கிடுங்கள். முதல் மூன்று ஆண்டுகளில் கூடுதலாகக் கற்கக்கூடிய இடம் எதுவோ, அதையே விரும்புங்கள். மிஷன் பாடசாலையில் நாம் ஆங்கிலம் கற்றோம். அதனோடு சிங்களமும் கற்றால் இன்னும் ஒரு வாசல் திறக்கும்.

உயர்தரத்தில் தவறியவன் வாழ்க்கையில் தவறியவன் அல்லன். தேசிய தொழிற்தகைமை ஏழு படிகளை உடையது: முதல் நான்கு கைவினைத் தேர்ச்சி, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையத்தில் வாகனத் திருத்தமும் மின்சாரமும் உணவுத் தொழினுட்பமும் கற்பிக்கிறார்கள். அங்கே ஏறும் படியும் மேலேதான் செல்கிறது.

அரசாங்க வேலை வேண்டாமென்பது நம் கருத்தன்று. நல்ல ஆசிரியரும் தாதியரும் இன்றி ஊர் நடவாது. விரும்பி அதை ஏற்பது வேறு; வேறொன்றும் தெரியாமல் அதில் ஒதுங்குவது வேறு.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். மாப்பிள்ளை பார்க்கும்போது "அரசாங்க உத்தியோகமா?" என்பதே உங்கள் முதற் கேள்வியாயிருக்கிறது. அந்தக் கேள்விக்கு அஞ்சியே நம் வாலிபர் பலர் முப்பது வயதுவரை நியமனக் கடிதத்துக்குக் காத்திருக்கிறார்கள். சிலர் காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்காரனை நம்பிக் கடல் கடக்கிறார்கள். "தம்பிக்கு என்ன தொழில் தெரியும்? போன வருடம் புதிதாக என்ன கற்றார்?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேள்வியை மாற்றினால், காத்திருப்பிலே கழியும் அவர்களின் நல்ல வயது உழைப்பிலே கழியும்.